வெள்ளம் வந்தால் தடுப்பூசிப் பெட்டியை யார் தூக்குவது? தாம்பரம் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி

2015 டிசம்பர் 2. அன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். சென்னை வெள்ளம் என்றால் செம்பரம்பாக்கம், அடையாறு, மூடிக்கிடந்த விமான நிலையம் எல்லாம் உடனே ஞாபகத்துக்கு வரும். அன்று என்ன கிழமை என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. புதன்கிழமை.

தமிழ்நாட்டில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையோடு உட்காரும் நாள். அந்தப் புதன்கிழமை முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரத்தின் தாழ்வான தெருக்களில் மக்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

8 ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. மறுபடியும் முடிச்சூர், மறுபடியும் வரதராஜபுரம், கூடவே பள்ளிக்கரணை, பெரும்பாக்கம். ஒவ்வொரு முறையும் படகு எத்தனை, பால் பாக்கெட் எத்தனை, உணவுப் பொட்டலம் எத்தனை என்ற கணக்கு வெளியே வருகிறது. குழந்தைகளுக்கான மருந்தும் தடுப்பூசியும் அந்த நாள்களில் எங்கே இருந்தன, யார் கையில் இருந்தன என்ற கணக்கு மட்டும் பேச்சிலேயே வருவதில்லை.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. பாதிப் பேருக்கு இந்த மருந்துகள் எப்படி வந்து சேருகின்றன என்பதே தெரியாது.

ஒரு சின்ன குப்பி, பெரிய பயணம்

அரசு தரும் குழந்தைத் தடுப்பூசிகளை வாங்குவது மத்திய அரசு. நாட்டில் நான்கு பெரிய மருந்துக் கிடங்குகள் உண்டு: கர்னால், மும்பை, கொல்கத்தா, சென்னை. அங்கிருந்து மாநிலக் கிடங்கு, பிறகு மண்டலம், மாவட்டம், கடைசியாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் ஐ.எல்.ஆர். என்ற பெட்டி. பார்ப்பதற்கு ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர் மாதிரி, மேலே திறக்கும் மூடியோடு இருக்கும். உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்க வேண்டும். இந்த மொத்த ஏற்பாட்டுக்குத்தான் 'கோல்டு செயின்' என்று பெயர்.

இந்தப் பெட்டி லேசுப்பட்டது இல்லை. சுவரைச் சுற்றி ஐஸ் அடுக்கு இருப்பதால், ஒரு நாளில் தொடர்ந்து 8 மணி நேரம் கரண்ட் கிடைத்தாலே சமாளித்துவிடும். சாதாரண மின்வெட்டுக்கெல்லாம் அசராது. ஆனால் 2015-ல் தென் சென்னை புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஷாக் அடிக்கும் என்று மின்வாரியமே நிறுத்தித்தான் வைக்கும். ஜெனரேட்டர் இருந்தால் போதுமே என்று தோன்றும். அந்த ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்தால்? டீசல் வாங்கப் போகிறவர் இடுப்பளவு தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால்?

இப்போது தடுப்பூசி இருப்பையும் வெப்பநிலையையும் மொபைல் வழியாகக் கண்காணிக்க 'இ-வின்' என்ற அமைப்பு இருக்கிறது. வெப்பம் ஏறினால் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2015 வெள்ளத்தில் சென்னையில் செல்போன் டவர்களும் சேர்ந்தே படுத்தன என்பதை மறந்துவிடக் கூடாது. எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் கருவி மௌனமாகிவிடும். அப்போது மிச்சம் இருப்பது சுவரில் மாட்டிய வெப்பநிலைப் பதிவுத் தாளும், அதில் தினமும் இரண்டு முறை எழுதும் ஊழியரும்தான்.

சூடு மட்டுமா எதிரி?

பெரும்பாலானவர்கள் தப்பாக நினைக்கும் இடம் இது. தடுப்பூசி கெட்டுப்போவது சூட்டால்தான், அதனால் எவ்வளவு ஐஸ் வைத்தாலும் நல்லதுதான் என்று நினைக்கிறார்கள். உண்மை பாதிதான். போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை-ரூபெல்லா, பி.சி.ஜி. ஆகியவை சூட்டுக்குப் பயப்படும். ஆனால் 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட், பிறந்ததும் போடும் ஹெபடைடிஸ்-பி ஆகியவை உறைந்துவிட்டால் பயனில்லாமல் போய்விடும். திரும்ப உருகினாலும் பழைய நிலைக்கு வராது.

குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம். அதே நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும். இந்தக் குறி சூட்டை மட்டும்தான் காட்டும். உறைந்ததைக் காட்டாது. அதாவது, பதற்றத்தில் யாரோ ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பாக்கெட்டை அப்படியே பெட்டிக்குள் அடுக்கி, அதன் நடுவே பென்டாவேலன்ட்டை வைத்துக் கொண்டுபோனால், குறி 'சரி' என்றே சொல்லும். குழந்தைக்கு ஊசியும் போடப்படும். காய்ச்சலும் வரலாம். ஆனால் கக்குவான் இருமலுக்கும் ரண ஜன்னிக்கும் எதிரான பாதுகாப்பு சரியாகக் கிடைக்காது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் அனுபவமுள்ள செவிலியர்கள் ஐஸ் பாக்கெட்டை வெளியே எடுத்து வைத்து, காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் வைப்பார்கள். அந்தச் சில நிமிடப் பொறுமையை, மழை கொட்டும் இரவில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது எதிர்பார்க்க முடியுமா? முன்னாடியே பழகியிருந்தால் முடியும். அன்றைக்கு முதல் தடவையாகச் செய்தால் முடியாது.

தண்ணீருக்கு எல்லை கிடையாது, பதிவேட்டுக்கு உண்டு

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். அதே நவம்பர் மழையில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. எல்லோரும் ஓடிப்போகும் இடமே மூழ்கினால் அடுத்தது எங்கே என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

வெள்ளத்தில் அதிகம் அடிபடும் முடிச்சூர் அப்போது மாநகராட்சிக்குள் வரவில்லை, ஊராட்சியாகவே நின்றது. செங்கல்பட்டு மாவட்டம். ஒட்டியே இருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். அடையாறு இரண்டையும் ஒரே மாதிரிதான் நனைக்கிறது. ஆனால் இந்தப் பக்கக் குழந்தையின் பெயர் ஒரு மாவட்டத்தின் பட்டியலில், அந்தப் பக்கக் குழந்தையின் பெயர் இன்னொரு மாவட்டத்தின் பட்டியலில். மருந்து இருப்பும் அப்படித்தான். இரண்டு மாவட்டக் குழந்தைகளும் ஒரே கல்யாண மண்டபத்தில் தங்கினால் யாருடைய ஐ.எல்.ஆரில் இருந்து எடுப்பது? இதை மண்டபத்தில் நின்றுகொண்டு முடிவு செய்யக் கூடாது. செப்டம்பரிலேயே இரண்டு சுகாதாரத் துறை அலுவலகங்களும் உட்கார்ந்து பேசி எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

மண்டபம், பள்ளிக்கூடம் என்று நெருக்கமாக மக்கள் தங்கும் இடங்களில் முதலில் பயப்பட வேண்டியது தட்டம்மைக்கு. எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பலாம். அதனால்தான் உலகம் முழுக்க பேரிடர் முகாம்களில் தட்டம்மைத் தடுப்பூசியும் வைட்டமின் ஏ-யும் முதல் வரிசையில் வருகின்றன. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும். கலந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டும். முகாமில் இரண்டே குழந்தைகள் இருந்தால், 'வேஸ்ட் ஆகுதே' என்று செவிலியர் தயங்குவார். ஏனென்றால் வீணானதற்கு கணக்கு கேட்பார்கள். போடாமல் விட்டதற்கு யாரும் கேட்க மாட்டார்கள். பேரிடர் நாள்களில் குப்பியைத் திற, வீணானால் பரவாயில்லை என்று மேலிருந்து எழுத்தில் வர வேண்டும்.

மருந்து அனுப்பினால் புண்ணியம்தானே?

எப்போதும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு உலகம் முழுவதிலும் இருந்து மருந்து குவிந்தது. பிரான்ஸைச் சேர்ந்த 'எல்லைகளற்ற மருந்தாளுநர்கள்' அமைப்பு எடுத்த கணக்குப்படி, சுமார் 20 லட்சம் மக்களுக்கு 4,000 டன். அதில் 60 சதவீதம் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. 70 சதவீதத்தின் லேபிள் உள்ளூர்க்காரர்களுக்குப் புரியாத மொழியில். வந்ததைப் பிரிக்கவும், கெட்டுப்போனதை அழிக்கவும் தனியாகப் பணமும் ஆளும் தேவைப்பட்டது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சில் இருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் வெளியே விடுகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கி பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் இருக்கும் தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்பது கம்ப்யூட்டரில் தெரியும். கேரளம், ராஜஸ்தான் எல்லாம் பின்னால் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. எந்த விழா மேடையிலும் பெரிதாகப் பேசப்படாத சாதனை இது.

அதாவது வெள்ளம் வரும்போது இங்கே பொதுவாக மருந்து இல்லாமல் போவதில்லை. கிடங்கில் இருக்கும் மருந்து, கடைசி 5 கிலோமீட்டரைக் கடக்க முடியாமல் நிற்பதுதான் பிரச்சினை. அதுவும் குழந்தைகளுக்கான வடிவத்தில். பெரியவர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரை எங்கும் கிடைக்கும். கைக்குழந்தைக்கு வேண்டியது எடைக்கு ஏற்ற அளவு குறித்த சிரப். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். எல்லோருக்கும் தெரியும், அதோடு 14 நாள்களுக்குத் தரும் ஜிங்க் மாத்திரை நிறைய பேருக்குத் தெரியாது. நிவாரணப் பட்டியல்களில் அது அபூர்வமாகத்தான் வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு 30-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்று அப்போது பெரிய சர்ச்சை. அந்த மாதிரி வாரத்தில் ஒரு தெருவுக்குத் தேவை ஓ.ஆர்.எஸ்., ஜிங்க், குளோரின் மாத்திரை. வீட்டு அலமாரியில் மிச்சமிருந்த பாதி ஸ்ட்ரிப் ஆன்டிபயாடிக் அல்ல.

பால் பவுடர் விஷயத்தில் இன்னும் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் வாட்ஸ்அப் குரூப்களில் 'பேபி ஃபார்முலா தேவை' என்று ஒரு மெசேஜ் சுற்றும். மிக்ஜாம் நேரத்தில் பால் பாக்கெட்டுக்கே அடிதடி என்பதால், பவுடர் அனுப்புவது நல்ல யோசனையாகத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. பெரியவர்களுக்கும் வளர்ந்த குழந்தைகளுக்கும் சாதாரண பால் பவுடர் தருவதில் சிக்கல் இல்லை. ஆனால் 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தாய்ப்பால் மாற்று உணவை நன்கொடையாக விநியோகிப்பதை 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆதரவற்றோர் இல்லங்களுக்கு மட்டும்தான் விலக்கு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? அந்தப் பவுடரைக் கரைக்கும் தண்ணீர்தான் காரணம். 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியில் நிலநடுக்கம். அதன் பிறகு நடந்த ஆய்வில், நன்கொடையாக ஃபார்முலா பெற்ற குழந்தைகளில் 25.4 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு. பெறாதவர்களில் 11.5 சதவீதம். கேஸ் அடுப்பு மூழ்கிய வீட்டில் பாட்டிலைக் கொதிக்க வைப்பது எப்படி என்று யோசித்தாலே விஷயம் புரியும். தாயை இழந்த, அல்லது உண்மையிலேயே ஃபார்முலாவை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தை இருக்கத்தான் செய்யும். அந்தக் குழந்தைக்கு டாக்டர் அல்லது செவிலியர் பார்த்து, சுத்தமான தண்ணீரோடு, தனியாகத் தர வேண்டும். மண்டப வாசலில் வைத்து எல்லோருக்கும் ஒரு டப்பா என்பது உதவி அல்ல. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு வேளை கூடுதல் சாப்பாடும், மறைவாக உட்கார ஒரு மூலையும் கிடைத்தால் அதுவே பெரிய உதவி.

எத்தனை குழந்தைகள்? எங்கே?

பெட்டி தயார், மருந்து தயார். யாருக்கு?

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு மூன்றாவது நாள், 29-ம் தேதி, தமிழ்நாடு சுகாதாரத் துறை பாதித்த கிராமங்களில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடத் தொடங்கியது. எந்த அளவுகோலில் பார்த்தாலும் மின்னல் வேகம். மறுநாளே கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை தென்பட்டது. பின்னர் நடந்த விசாரணையில் கண்டறியப்பட்டது மொத்தம் 101 பேர். அவர்களில் 5 வயதைத் தாண்டிய குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு டோஸ் போட்டவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல் இருந்த மாநிலத்தில் இது நடந்தது. ஒரு டோஸ் எல்லோரையும் காப்பாற்றாது. இரண்டாவது டோஸ் இந்தியாவில் 2010-ல்தான் வந்தது. ஊசி இருந்தது, ஆள் இருந்தது, வேகமும் இருந்தது. வயதுக் கோடு மட்டும் கொஞ்சம் உள்ளே போடப்பட்டிருந்தது.

இன்றைய தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அந்தக் கோடு வேறு இடத்தில் விழுகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளில் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு வந்தன. வெள்ளத்தில் இருந்து காப்பாற்ற என்று கொண்டுவந்த இடம், சதுப்பு நிலத்தின் ஓரத்தில். வீடு மாறிவிடும், பதிவேட்டில் பெயர் உடனே மாறாது. இன்னொரு பக்கம் வண்டலூர், படப்பை, ஓ.எம்.ஆர். கட்டுமான ஷெட்களில் ஒடிசாவில் இருந்தும் பிகாரில் இருந்தும் வந்த குடும்பங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்தால் பிக்மி எண் கிடைக்கும், அதை வைத்துக் குழந்தைக்கு எப்போது எந்த ஊசி என்று செவிலியர் தேடி வருவார். ஏழு மாதக் குழந்தையோடு ரயிலில் வந்து இறங்கிய தாய்க்கு அந்த எண் கிடையாது. எந்த ஊரிலும் ஊசி போட்டுப் பதிந்துகொள்ள மத்திய அரசின் 'யு-வின்' தளம் இருக்கிறது. ஆனால் ஷெட்டுக்குள் போய் ஒருவர் தலையை எண்ணினால்தான் அதில் பெயர் ஏறும்.

வெள்ள நாளில் இந்தக் குழந்தைகள் மண்டபத்துக்கு வந்தால், பட்டியலில் இல்லாததால் கணக்கிலும் இல்லை. கணக்கில் இல்லாத குழந்தைக்கு யாரும் டோஸ் கேட்டு வாங்கி வைத்திருக்க மாட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

புதிய திட்டம், புதிய ஆப் எதுவும் வேண்டாம். மின்சாரம் போனால் தடுப்பூசியை எங்கே மாற்றுவது என்ற மாற்று ஏற்பாட்டை ஒவ்வொரு குளிர்பதன மையமும் எழுதி வைக்க வேண்டும் என்று அரசின் கையேடே சொல்கிறது. தாம்பரம் மாநகராட்சியும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகங்களும் அதை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வெளியே காட்டட்டும். எந்த மையத்தின் ஐ.எல்.ஆர். தரைத்தளத்தில் இருக்கிறது? 2015-ல் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? பெட்டியைத் தூக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, ரெட் அலர்ட் வந்த எத்தனை மணி நேரத்தில்? எந்த வண்டி, எந்த மேட்டு நிலக் கட்டடம்? ஒரு பக்கத்தில் அடங்கும் தகவல்தான். வார்டு கவுன்சிலரிடமோ ஆர்.டி.ஐ. வழியாகவோ யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் 'ஏற்பாடு தயார் நிலையில் உள்ளது' என்று ஒற்றை வரியில் வந்தால், கட்டடத்தின் பெயரைக் கேட்டு மறுபடி எழுத வேண்டும்.

குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இரண்டு விஷயம். தடுப்பூசி அட்டையின் எல்லாப் பக்கங்களையும் இன்றே போட்டோ எடுத்து, போன் தொலைந்தாலும் கிடைக்கும் மாதிரி குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. மழையால் ஒரு புதன்கிழமை தவறிப்போனால், முதலில் இருந்து தொடங்க வேண்டுமோ என்று குழம்பவோ, 'இனிமே என்ன' என்று விட்டுவிடவோ வேண்டாம். போட்ட டோஸ் போட்டதுதான். விட்ட இடத்தில் இருந்து, தண்ணீர் வடிந்த அடுத்த புதன்கிழமையே தொடரலாம். சொந்த மையம் பூட்டிக் கிடந்தால் பக்கத்து மையத்திலும் போடுவார்கள். மாவட்டம் வேறாக இருந்தாலும்.